கண்மாய் தூர்வாரிய பிறகு வரும் களைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஊருக்கு ஒரு கண்மாயாவது இருக்கும். அதற்குள் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ சீமைக் கருவேலம் இருக்கும். எங்கள் ஊர்க் கண்மாயைச் சுத்தம் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து பக்கத்து ஊர்க்காரர்கள் போனிலும் டீக்கடையிலும் என்னை மடக்கிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி முடியவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். வட மாவட்டத்துக்காரர்கள் கண்மாய் என்கிற இடத்தில் ஏரி என்று வாசித்துக்கொள்ளலாம்.

கண்மாயத் தூர்வாரி ஒரு வருசம்கூட ஆகல. முன்னாடி இருந்ததவிட இப்பத்தான் அதிகமா மண்டிக் கிடக்கு. எப்படி?

எங்களுக்கும் இதேதான் நடந்தது. பொக்லைன் வைத்து மொத்தத்தையும் புரட்டி, மரத்தை ஏற்றி அனுப்பிவிட்டு, வெட்டவெளியாகக் கிடந்த கண்மாயைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் உள்வாய், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பு, முழுக்கப் பச்சை. புல்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக் கிட்டே போனால், அத்தனையும் சீமைக் கருவேலங் கன்று. ஒரு பாய் விரிக்கிற இடத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

பல வருடமாக விழுந்த விதை மண்ணுக்குள் உயிரோடு காத்துக் கிடக்கிறது. இயந்திரம் புரட்டும்போது அது மேலே வருகிறது, மேல்தோல் உராய்கிறது, மேலே நிழலும் இல்லை. அந்த இடத்தில் இருந்த அருகும் கோரையும் மரத்தோடு சேர்ந்து போய்விட்டதால் போட்டிக்கும் ஆள் இல்லை. கிளறிப் போட்ட வெறும் மண்ணுக்கு முதலில் வருவது எப்போதும் களைதான். தூர்வாரிய இடம், கரையில் கொட்டிய புது மண், மண் ஏற்றிய லாரி போன தடம், கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் இடம்) கட்ட வெட்டிய பள்ளம் எல்லாமே அதற்குத் திறந்த வாசல். அதனால் வேலைக்கு மதிப்பீடு போடும்போதே அடுத்த மூன்று மழைக்காலத்துக்குக் கன்று பிடுங்கும் கூலியையும் சேர்த்துப் போடுங்கள். அதற்குக் காசு இல்லையென்றால் பாதிக் கண்மாயை மட்டும் எடுங்கள். கேட்பவர்கள் பலரும் இந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளிப்பார்கள்.

எதெதக் களைன்னு எடுக்கணும்? எல்லாத்தையும் சுத்தமா வழிச்சிடலாமா?

வழிக்கக் கூடாது. எங்கள் பக்கம் கண்மாயைக் கெடுப்பவை முக்கியமாக நான்கு. உள்வாயிலும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் சீமைக் கருவேலம். வேலிக்காத்தான், வேலிக்கருவை, சீமை உடை என்று ஊருக்கு ஒரு பெயர். புது மண் கொட்டிய இடத்திலும் வண்டித் தடத்திலும் பார்த்தீனியம். தண்ணீர் தேங்கும் ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு. தண்ணீர் மேல் ஆகாயத்தாமரை. நான்குமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. இங்கே இவற்றைத் தின்று அடக்க எதுவும் கூட வரவில்லை.

அருகு, கோரை, ஆவாரை, கொழுஞ்சி, துத்தி, தகரை, எருக்கு இவையெல்லாம் வயலில் வந்தால் களையாக இருக்கலாம், கண்மாயில் இவை காவல்காரர்கள். இவற்றையும் சேர்த்துச் சுரண்டிவிட்டால் மேலே சொன்ன நான்குக்கும் நீங்களே இடம் ஒதுக்கிக் கொடுத்தது போலாகும்.

சீமைக் கருவேலத்துக்கும் நாட்டுக் கருவேலத்துக்கும் வித்தியாசமே தெரிய மாட்டேங்குது. வேலைக்கு வர்றவங்க ரெண்டையும் வெட்டிடுறாங்க.

காயைப் பாருங்கள், அது போதும். நாட்டுக் கருவேலங்காய் மணி கோத்த மாலை மாதிரி ஒவ்வொரு விதைக்கும் நடுவே இறுகி, சாம்பல் வெளுப்பாக இருக்கும். சீமைக் கருவேல நெத்து இடையில் அப்படி இறுகாமல் நீளமாக, பழுத்தால் மஞ்சளாக இருக்கும், கடித்தால் இனிக்கும். காய் இல்லாத மாதமென்றால் பூ: நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்கு வெளிர் மஞ்சளில் விரல் மாதிரி நீண்ட கதிர். பூவும் இல்லையா, அடிமரத்தைப் பாருங்கள். நாட்டு மரம் கறுத்து ஆழமாக வெடித்த பட்டையோடு ஒற்றைத் தண்டாக நிற்கும். சீமை பெரும்பாலும் தூரிலிருந்தே நாலைந்து கிளையாகப் பிரிந்து கிடக்கும்.

வன்னி மரத்தையும் கவனியுங்கள். அது சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட உறவு, இலையும் காயும் தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாற்றும். வேலை தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, நிற்க வேண்டிய மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பால் பட்டை அடித்துவிடுங்கள். இயந்திர ஓட்டுநருக்குத் தாவரப் பாடம் நடத்துவதைவிட அது சுலபம்.

காமராசர் காலத்துல விறகுக்காக விதை தூவுனாங்களாமே? அதுக்கு முன்னாடி இந்த மரமே இங்க கிடையாதுதானே?

மரம் அதைவிடப் பழையது. 1876இல் சென்னை மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேயர் இதன் விதை வேண்டுமென்று அரசுக்கு எழுதினார். மறு வருடம் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஜமைக்காவிலிருந்து வந்த விதை நடப்பட்டது. வறண்ட நிலத்தில் விறகு கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதற்கு அரச மரியாதையே கொடுத்து, வெட்டக் கூடாது என்று காப்பாற்றியது. பிற்பாடு விறகுத் தட்டுப்பாட்டில் அரசும் பரப்பியது, வேலிக்காக நாமும் பரப்பினோம், மிச்சத்தை ஆடும் மாடும் பார்த்துக்கொண்டன. எந்த ஒருவர் தலையிலும் இதைக் கட்ட முடியாது.

காத்துல இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிடும், ஆக்சிஜன் விடாது, நிழல்ல மாடு கட்டினா மலடாயிடும்னு வாட்ஸப்ல வருது. உண்மையா?

இல்லை. பச்சை இலை உள்ள எந்த மரமும் வெயிலில் கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜனைத்தான் விடும், இதுவும் அப்படியே. மாடு மலடாகிற கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. மழையை விரட்டும் என்பதும் கதைதான். மழை கடலிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது, கண்மாயிலுள்ள மரத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நிஜமான குற்றச்சாட்டுகளே போதுமான அளவு இருக்கின்றன. வேர் ஆழமாகப் போகும்; அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் இதன் உறவுக்கார மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் கோடையிலும் நிலத்தடி ஈரத்தை எடுத்துப் பச்சையாகவே நிற்கும். உதிரும் இலை மக்கும்போது பக்கத்தில் மற்ற விதை முளைப்பதைத் தடுக்கும். வரத்துக்காலில் நின்றால் குப்பையும் மண்ணும் தண்டில் அடைந்து, தண்ணீர் கண்மாய்க்கு வராமல் வழியிலேயே தங்கிவிடும். எங்கள் கண்மாய் நிறையாததற்குப் பெரிய காரணம் இந்தக் கடைசி விஷயம்தான்.

வெட்டி விட்டா போதாதா? தூரோட பிடுங்கியே ஆகணுமா?

வெட்டினால் அது உங்களுக்கு நன்றி சொல்லும். நிலத்தோடு ஒட்ட வெட்டிய தூரிலிருந்து அடுத்த மழைக்குப் பத்துப் பன்னிரண்டு கிளை வெடிக்கும். ஒற்றை மரம் புதராகிவிடும். துளிர் விடும் மொட்டு தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்கு அடியிலும் இருக்கிறது. அதை எடுத்தால்தான் சாகும். வெட்டிப் போட்டுவிட்டு முடிந்தது என்று கணக்கு எழுதிய எத்தனையோ வேலைகளைப் பார்த்தாயிற்று.

நல்ல செய்தி என்னவென்றால், ஆழ வேர் முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. தூரைச் சுற்றிக் கொத்தி, முக்கால் அடியிலிருந்து ஓர் அடி ஆழத்துக்குக் கீழே வேரை அறுத்து மேல் பகுதியை எடுத்துவிட்டால் போதும், கீழே மிஞ்சிய வேர் துளிர்க்காது. சிறு தூருக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும், பெரியதற்கு இயந்திரம். கிளையை முதலில் கவைக்கம்பால் தள்ளிப் பிடித்து வெட்டி ஒதுக்கிவிட்டுத்தான் தூரிடம் போக வேண்டும். முள் குத்தினால் சீழ் வைத்து ஒரு வாரம் படுக்க வைத்துவிடும், செருப்பு தாங்காது.

தூர் எடுத்த குழியை அன்றைக்கே மூடுங்கள். மழைக்குப் பிறகு தண்ணீருக்கு அடியில் இருக்கும் குழி பிள்ளைகளின் உயிரை எடுக்கும்.

எந்த மாசத்துல எடுக்கிறது நல்லது?

பெரிய மரத்துக்கு மாசி, பங்குனி. தண்ணீர் வற்றி இயந்திரம் இறங்கும் அளவுக்கு மண் இறுகியிருக்கும், ஆனால் ஈரம் முழுக்கப் போயிருக்காது. நெத்து பழுத்துக் கொட்டவும் தொடங்கியிருக்காது. வைகாசியில் எடுத்தால் ஒவ்வொரு கிளையும் போகிற வழியெல்லாம் விதை தூவிக்கொண்டே போகும். கன்றுக்குக் கணக்கு வேறு: மழை பெய்த மூன்றாம் நாள். மண் நெகிழ்ந்திருக்கும்போது விரல் நீளக் கன்றை இரண்டு விரலால் இழுத்தால் முழு வேரோடு வரும். தண்டு பென்சில் தடிமனைத் தாண்டிவிட்டால் கையால் இழுக்காதீர்கள். பாதியில் அறுந்து, முந்தின பதிலில் சொன்ன கதை ஆகிவிடும்.

கரையில பெரிய பெரிய மரமா நிக்குது. அதையும் பொக்லைன் வச்சுப் பிடுங்கிடலாமா?

இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உள்வாயில் தூரைப் பிடுங்கினால் மிஞ்சுவது ஒரு குழி. கரையில் பிடுங்கினால் மிஞ்சுவது ஓட்டை. பல வருடமாக அடித்து இறுகிய மண்ணை வேரோடு பெயர்த்துவிட்டு, மேலாகக் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடினால், அந்த இடம் கரையின் மற்ற இடம் மாதிரி ஒருபோதும் இறுகாது. கண்மாய் நிறைந்து அழுத்தம் வரும்போது தண்ணீர் முதலில் தேடிப் போவது அதைத்தான். வெளிச்சரிவில் கலங்கலாக ஒரு ஊற்று தெரியும். அது மண்ணையும் கூட இழுத்துக்கொண்டு வருகிறது என்றால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம்.

அதற்காக அப்படியே விடவும் முடியாது. பெரிய மரம் தானாகப் பட்டுப் போனால் அதன் வேர் மக்கி, கரைக்குள் குழாய் மாதிரி வழி விடும். ஆகவே கரையில் கண்மாய் வற்றிக் கிடக்கும் காலத்தில் மட்டும், ஒரு நேரத்தில் சில மரங்களை மட்டும் எடுக்க வேண்டும். வேர் போன திசையில் தோண்டி எடுத்து, களிமண் கலந்த மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். மதகுக்கும் கலுங்குக்கும் பக்கத்தில் பொறியாளர் நேரில் நிற்காமல் கை வைக்க வேண்டாம். எங்கள் ஊரில் மதகை ஒட்டிய ஒரு தூரை அவசரத்தில் பிடுங்கிவிட்டு, அந்த மார்கழி முழுக்க மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு ராத்திரி காவல் இருந்தோம்.

ஆடு மாட்ட உள்ள மேய விட்டா கன்னு எல்லாத்தையும் தின்னுடாதா?

இலையை அவை அவ்வளவாகத் தொடாது, நெத்தைத்தான் தேடித் தின்னும். விதை வயிற்றில் செரிக்காமல் சாணியோடும் புழுக்கையோடும் வெளியே வருகிறது, அதுவும் முளைப்பதற்கு இன்னும் தயாராக. மரமே இல்லாத மேட்டில் வரிசையாகக் கன்று முளைத்திருந்தால் அது ஆடு நடந்த தடம் என்று தெரிந்துகொள்ளலாம். கோடையில் நெத்து கொட்டும் பகுதியில் மேய்ந்த மந்தையை நேராகச் சுத்தம் செய்த இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். நாலைந்து நாள் வேறு இடத்தில் மேயட்டும். நெத்தைப் பொறுக்கி மாவாக அரைத்துத் தீவனத்தில் கலந்தால் விதை உடைந்துவிடும், அது நல்ல வழி.

ஆட்டுக்காரரோடு சண்டை போட்டு எந்த ஊரும் ஜெயித்ததில்லை. கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள். எங்கே எப்போது முளைக்கிறது என்று நமக்கு முன்னால் தெரிந்தவர் அவர்தான்.

கரை மண்ணு போட்ட இடம் பூரா வெள்ளப் பூவா ஒரு செடி. பார்த்தீனியம்ங்கிறாங்க. தொட்டா அரிக்குமாமே, எப்படிப் பிடுங்குறது?

கேரட் இலை மாதிரிப் பிளவுபட்ட இலையும் சின்னச் சின்ன வெள்ளைப் பூவும் இருந்தால் அதுதான். 1950களின் நடுவில் புனேயில் முதலில் கண்ணில் பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்பார்கள். முளைத்து நாலு வாரத்தில் பூத்துவிடும், ஒரு செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் கொட்டும். தொடர்ந்து தொடுபவர்களுக்குத் தோல் தடித்துக் கறுக்கும், மகரந்தம் ஆஸ்துமாக்காரர்களை மூச்சுத் திணற வைக்கும். சிலருக்கு ஒன்றும் ஆகாது. அதனால் தனக்கும் ஆகாது என்று வெறுங்கையால் பிடுங்கி, இரண்டு வருடம் கழித்து மருத்துவமனைக்கு அலைந்தவர்கள் உண்டு.

கையுறை, முழுக்கைச் சட்டை, வாயில் துண்டு. பூப்பதற்கு முன், ஈர மண்ணில் வேரோடு பிடுங்குங்கள். பூக்காத செடியைக் குழியில் போட்டு மட்க வைக்கலாம், நல்ல உரமாகும். பூத்துவிட்டால் குப்பைக் குழிக்குப் போகக் கூடாது. ஓர் இடத்தில் குவித்து மூடி, தழை மக்கிய பிறகும் அங்கே முளைப்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, கண்மாய் வண்டலை வயலுக்கு அடிப்பவர்கள் இந்தச் செடி நின்ற இடத்தின் மேல் மண்ணை எடுக்காதீர்கள். களையை விலை கொடுத்து வீட்டுக்கு அழைத்துப் போன மாதிரி ஆகும்.

உப்புத் தண்ணி அடிச்சா செத்துடுமாமே?

சாகும். லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து வெயில் நேரத்தில் இலை நனைய அடித்தால் பார்த்தீனிய இளஞ்செடி கருகிவிடும். பயிர் இல்லாத இடத்துக்கு இது பரிந்துரைக்கப்பட்ட முறைதான். ரோட்டோரத்துக்குச் சரி. ஆனால் கரையில் அடிக்காதீர்கள் என்பேன். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் பிடிப்பை விடுவிக்கும், பிடிப்பு விட்ட மண் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். கரையின் உறுதிக்கு நாம் நம்பியிருப்பதே அந்தக் களிமண்ணைத்தான். உள்வாயில் அடித்தால் அத்தனை உப்பும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும்.

களைக்கொல்லி அடிச்சா ரெண்டே நாள்ல வேல முடிஞ்சுடுமே. எதுக்கு இந்தப் பாடு?

கண்மாய்த் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, மீன் வளர்கிறது, பல ஊர்களில் மனிதரும் குளிக்கிறார்கள். கிளைபோசேட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது என்பதற்காக எங்கும் அடிக்கலாம் என்று ஆகிவிடாது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அதன் மனித, விலங்கு ஆபத்தைக் காரணம் காட்டி, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. மருந்தோடு சேர்க்கும் ஒட்டுத் திரவம் தலைப்பிரட்டைக்கும் மீன் குஞ்சுக்கும் ஆகாது.

வேறொரு சிக்கலும் இருக்கிறது. அது அருகையும் சேர்த்துக் கொல்லும். இரண்டு வாரத்தில் பழுப்பாக, வெறுமையாக ஒரு நிலம் கிடைக்கும். வெறும் மண்ணுக்கு என்ன ஆகும் என்பதை முதல் கேள்வியிலேயே சொல்லியாயிற்று. வெட்டிய தூரில் டீசல் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்மாய்க்குள் அதைச் செய்யாதீர்கள்.

பார்த்தீனியத்தத் தின்னுற வண்டு இருக்காமே. அத வாங்கி விட்டா போதும்ல?

இருக்கிறது, மெக்சிகோ வண்டு என்பார்கள். வெளிர் உடலில் கறுப்புக் கோடு போட்டு, பொறிவண்டு அளவில் இருக்கும். 1980களின் தொடக்கத்தில் பெங்களூருக்குக் கொண்டுவந்து, சோதித்து, வெளியில் விட்டார்கள். சூரியகாந்தியைத் தின்கிறது என்று நடுவில் ஒரு பெரிய பயம் கிளம்பி அடங்கியது. இப்போது பல இடங்களில் தானாகவே பரவியிருக்கிறது. உங்கள் செடியில் இலை சல்லடையாக இருந்தால் திருப்பிப் பாருங்கள், அங்கேயே இருக்கும்.

ஆனால் மழைக்காலத்தில்தான் அது சுறுசுறுப்பாக மேயும், வறட்சியில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். எங்கள் பக்கம் வறட்சிதானே அதிகம். அதனால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

நெய்வேலிக் காட்டாமணக்க வெட்ட வெட்ட ரெண்டு மடங்கா வருதே?

வெட்டிய துண்டை எங்கே போட்டீர்கள்? ஓரத்திலேயே போட்டிருப்பீர்கள். அதன் ஒரு சாண் தண்டு ஈரத்தில் கிடந்தாலே வேர் விடும். உள்ளே கூடு விழுந்த தண்டு என்பதால் தண்ணீரில் மிதந்துபோய் அடுத்த கரையிலும் ஒதுங்கும். தண்ணீர் வற்றிய பிறகு அடித்தூரோடு தோண்டி, மேட்டில் வெயில் படும் கட்டாந்தரையில் போட்டுச் சருகாகும் வரை காயவிடுங்கள். வேறு மேய்ச்சல் இல்லாத கோடையில் ஆடு இதைத் தின்று பழகினால் நரம்பு பாதித்துத் தலை ஆடி, தள்ளாடி, மெலிந்து சாகும். இரண்டு காரணத்துக்காகவும் குவியலைத் தண்ணீரிலிருந்தும் மந்தையிடமிருந்தும் தள்ளி வையுங்கள்.

ஆகாயத்தாமரைக்கும் இதேதானா?

கண்மாய் வற்றும்போது செடி கரையில் ஒதுங்கிக் காயும், எடுப்பது சுலபம். நிறைந்த தண்ணீரில் எடுக்க ஆளும் பரிசலும் வேண்டும். ஆனால் விதை சேற்றில் பல வருடம் கிடக்கும், அடுத்த நிறைவில் திரும்பி வரும். இது பெருகக் காரணம் பெரும்பாலும் உள்ளே வரும் சாக்கடை. அதை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளுவது சோறு போட்டுக்கொண்டே விருந்தாளியைப் போகச் சொல்வது.

சரி, எல்லாத்தையும் எடுத்தாச்சு. அந்த இடத்துல என்னதான் போடுறது?

இடத்துக்கு இடம் வேறு. கரையின் சரிவுக்கு முதலில் புல். அருகம்புல்லைத் துண்டு துண்டாக நறுக்கி, ஈர மண்ணில் புதைத்து மிதித்துவிட்டால் ஒரு மழையில் பிடித்துக்கொள்ளும். அலை அடித்து அரிக்கும் இடத்தில் வெட்டிவேரை ஓர் அடிக்கு இரண்டு மூன்று தூராக, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வைக்கலாம். பனையைக் கரை உச்சியிலும் சரிவிலும் வைக்கலாமா என்பதில் பொறியாளர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒத்துப் போகாது. அடிவாரத்தில் வெளிப்பக்கம் வைப்பதில் யாருக்கும் சண்டை இல்லை, எங்கள் ஊரில் அங்கேதான் போட்டோம்.

புது மண் கொட்டிய மேட்டுக்கு முதல் வேலை வேகமாக நிழல் போடுவது. மழை தொடங்கும்போது தக்கைப்பூண்டு, சணப்பை, கொழுஞ்சி மூன்றையும் கலந்து தாராளமாகத் தூவுங்கள். கொழுஞ்சி விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு சேர்த்து லேசாக இடித்துவிட்டுத் தூவாவிட்டால் முளைக்காது. முதல் வருடம் இது தெரியாமல் ஒரு மூட்டை விதையை வீணாக்கினோம். இவற்றோடு ஆவாரை, துத்தி, தகரை காயைப் பறித்து வந்து உதறிவிடுங்கள். தகரையும் துத்தியும் அடர்ந்த இடத்தில் பார்த்தீனியம் தலை தூக்கச் சிரமப்படும்.

உள்வாய் முழுக்க மரம் நட வேண்டாம். அது தண்ணீருக்கான இடம். விளிம்பில், மேட்டுப் பக்கம் நாட்டுக் கருவேலம், நீர்மருது, நாவல், புங்கன், பூவரசு போதும். நடும் விழாவுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் சித்திரையில் குடம் தூக்க வர மாட்டார்கள் என்பதை மனதில் வைத்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

யாருகிட்ட அனுமதி வாங்கணும்? நம்ம ஊர்க் கண்மாய்தானே?

ஊர்க் கண்மாய்தான், ஆனால் மரம் ஊருடையது என்று சொல்லிவிட முடியாது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசன நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். 1980களிலிருந்து சமூகக் காடுகள் திட்டத்தில் பல கண்மாய்களில் வனத்துறை நாட்டுக் கருவேலம் வைத்திருக்கிறது. அதில் கை வைத்தால் வழக்கு. சீமைக் கருவேலமும் ஏலம் விட்டுத்தான் போக வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலோடு உரிய அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

‘கோர்ட்டே சொல்லிட்டுதே’ என்பார்கள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லித் தீவிரமாக உத்தரவிட்டது உண்மை. அதே வருடம் சென்னையில், சுற்றுச்சூழல் விளைவை ஆராய வேண்டும் என்று இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் செடிகளுக்காகத் தனிக் கொள்கையே வெளியிட்டது. எதுவும் ஆளுக்கு ஓர் அரிவாளோடு இறங்கலாம் என்று சொல்லவில்லை. ஏல ஒப்பந்தத்தில் ‘தூரோடு அகற்றி, குழி மூடி’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை படியுங்கள். அது இல்லாவிட்டால் எடுப்பவர் விறகை எடுப்பார், தூரை உங்களுக்கு விட்டுவிட்டுப் போவார்.

இத எல்லாம் அழிச்சிட்டா கரி மூட்டம் போடுறவங்க எங்க போவாங்க?

நியாயமான கேள்வி, எனக்கு முழுப் பதில் இல்லை. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி பக்கம் மழை பொய்த்த வருடங்களில் உலை வைத்தது இந்த மரம்தான். என் அப்பாவும் இரண்டு கோடை மூட்டம் போட்டவர். நான் கேட்பது கண்மாயையும் வரத்துக்காலையும் மட்டும். பட்டா நிலத்தில் வேலி கட்டி வைத்திருக்கிறவர் வெட்டி விற்கட்டும். நெத்து மட்டும் கண்மாய்க்கு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மரத்துல நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கு. அதயும் எடுத்துடலாமா?

கூடு இருக்கும்போது தொடக் கூடாது, கானுயிர்ச் சட்டப்படியும் குற்றம். பறவைக்கு இது நல்ல மரமா கெட்ட மரமா என்று தெரியாது. தண்ணீருக்கு நடுவே முள்ளோடு நின்றால் குஞ்சுக்குப் பாதுகாப்பு, அவ்வளவுதான் பார்க்கும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறது, நம்மால் ஒரு மரத்துக்குக் காத்திருக்க முடியாதா?

மாசியில் எடுங்கள் என்று மேலே சொன்னது இந்த மரங்களுக்குப் பொருந்தாது. கடைசிக் குஞ்சு பறந்த பிறகு, நெத்து கொட்டும் முன் கிடைக்கும் சில வாரம்தான் உங்கள் நேரம். அந்த வருடம் கிடைக்காவிட்டால் விடுங்கள். பக்கத்தில் நாட்டுக் கருவேலத்தை வைத்து, அது கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு பழையதை ஒவ்வொன்றாக எடுங்கள்.

எல்லாஞ் செஞ்சாச்சு. இன்னும் எத்தன வருசம் இப்படிப் பிடுங்கிட்டே இருக்கணும்?

முதல் வருடம் ஆயிரக்கணக்கில், இரண்டாம் வருடம் அதில் பாதிக்கும் கீழே, மூன்றாம் வருடம் நடந்துகொண்டே பிடுங்கும் அளவுக்கு என்று எங்களுக்குக் குறைந்தது. நடுவில் ஒரு மழைக்காலத்தைத் தேர்தல் வேலையில் விட்டுவிட்டோம், மறுபடி இரண்டாம் வருடக் கணக்குக்கே போய்விட்டது. புதிதாக ஒரு மரமும் காய்க்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் கணக்கை முடிக்கும். வேலைக்கு வரும் பொக்லைனின் சங்கிலிச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணை ஊருக்கு வெளியிலேயே தட்டிக் கழுவச் சொல்லுங்கள், வேறு ஊர் விதை அதில்தான் ஏறி வருகிறது.

இப்போது நாங்கள் மழைக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்குக் கலுங்கில் கூடுகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு களைக்கொத்து. எட்டரைக்கெல்லாம் முடிந்து டீ குடிக்கப் போய்விடுகிறோம்.